பதினொன்றில் மூன்று

போலீஸிடம் போய் விளக்குக் கேட்டால் என்ன வரும்? போலீஸ்தான் வரும். இந்தச் சின்ன விஷயம் நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறவள் நான். இடுப்புப் பிடிக்கிறது என்று யார் வந்து நின்றாலும், "துணி சுருங்கல, நீங்கதான் பூரிச்சுட்டீங்க" என்று வாயை அடைத்து அனுப்புகிறவள். அப்படிப்பட்ட நான் ஒரு வரைபடத்தின் முன்னால் போய் நின்று கோட்டை விட்டேன்.

என்னுடையது சின்னத் தையல் கடை. புதுசு தைப்பது குறைவு. ஜிப் மாற்றுவது, கால் நீளத்தைக் குறைப்பது, அக்குளில் பிரிந்ததை மூட்டுவது, இவைதான் என் பிழைப்பு. தையல் மிஷினில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தினால் கண்ணாடி வழியாக எதிரே பஸ் நிறுத்தம் தெரியும். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் தினமும் மாலை ஐந்தரையிலிருந்து என் தம்பி உட்கார்ந்திருப்பான்.

அவன் பதினேழு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை பார்த்தவன். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று நோட்டில் குறிக்கிற வேலை. ஒருநாள் டிப்போவுக்குள் பின்னால் எடுத்த வண்டி ஒன்று, அவனோடு ஒரே மேசையில் இருந்தவரை அவன் கண்முன்னே சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அதற்குப் பிறகு இவனுக்குப் பேச்சு குறைந்தது, தூக்கம் போனது, கடைசியில் வேலையும் போனது. நோட்டு மட்டும் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வருகிற வண்டிகளை எல்லாம் குறிப்பான். தெருவில் அவனை எல்லோரும் டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டார்கள். "ஆறு நாப்பது இன்னிக்கு நாலு நிமிஷம் லேட்டு!" என்று அவன் போடுகிற சத்தம் என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். யாரையும் தொட மாட்டான். அவனையும் யாரும் தொடக் கூடாது. நோட்டைத் தொட்டால் நடுங்கிப் போவான்.

எட்டு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு நான் ரோட்டைக் கடந்து போவேன். என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். அன்றைய பக்கத்தின் கடைசி வரியில் "அக்கா 8.05" என்று எழுதி நோட்டை மூடுவான். பஸ்களோடு பஸ்ஸாக நானும் ஒரு வண்டி. தாமதமாகப் போனால் திட்டுதான்.

"ஏழு நிமிஷம் லேட்டு."

"ஒரு கோட்டுடா. நாளைக்குக் கல்யாணமாம், மாப்பிள்ளை வந்து குத்துக்கல்லு மாதிரி நின்னுட்டான். அதையும் சேர்த்து எழுதேன்."

"நோட்டுல காரணத்துக்குக் கட்டம் கிடையாதுக்கா."

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம். கல்யாணமும் ஆகாமல் குழந்தையும் இல்லாமல் இவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. எனக்கு அந்தக் கடைசி வரி இருந்தது.

பெஞ்சுக்கு மேலே இருந்த விளக்கு எட்டு மாதமாக எரியவில்லை. இருட்டில் வண்டிக்காரர்கள் பெஞ்சை உரசுகிற மாதிரி திரும்புவார்கள். இவன் பஸ் எண்ணைப் பார்க்க ரோட்டின் விளிம்புக்கு எழுந்து போவான். என் உயிர் ஊசிமுனையில் நிற்கும். மின்சார அலுவலகத்துக்கு நாலு முறை நடந்தேன். நாலு முறையும் ஒரே மனுஷர், ஒரே பதில்: "எழுதி வெச்சிருக்கோம்மா."

அப்போதுதான் கடைக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். இனிமேல் இந்தப் பகுதியில் எங்கே காவல் போடுவது, எந்தக் குற்றத்துக்கு முதலிடம் கொடுப்பது என்பதைப் போலீஸும் கோர்ட்டும் தனியாக முடிவு செய்யாதாம். மக்களும் கூட உட்கார்ந்து திட்டம் போட வேண்டுமாம். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் அம்மா கடை கடையாக ஏறி அழைத்தார். என் கடைக்குள் வந்தவர், தொங்கிக்கொண்டிருந்த சட்டையின் தையலைத் திருப்பிப் பார்த்து, "சுத்தமா இருக்கு" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சொல்ல முடிந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்!

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். சுவரில் எங்கள் பகுதியின் வரைபடம். ஆளுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தார்கள், சட்டைப் பொத்தான் அளவு.

"உங்களுக்கு எந்த எடத்துல பயமா இருக்கோ அங்க ஒட்டுங்க," என்றார் இன்ஸ்பெக்டர் அம்மா. "பத்தும் அதுக்கு மேலயும் விழுந்த எடத்துக்கெல்லாம் நாம திட்டம் போடுவோம்."

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். "என்ன பயம்னு எங்க எழுதறது?"

"அத அடுத்த சுற்றுல பேசலாம் சார்."

அடுத்த சுற்றில் டீயும் பிஸ்கட்டும் வந்தன. அதற்குள் மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டது.

நான் மூன்றையும் பஸ் நிறுத்தத்திலேயே ஒட்டினேன். ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், அருகருகே, அழகாக. பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரர் சிரித்தார். "என்னக்கா, மூணும் ஒரே எடத்துலயா? தேர்தல்லயும் இப்படித்தானா?"

"உங்களுக்கு மாத்திரை தெரியும், எனக்குத் தையல் தெரியும். இழுப்பு விழற எடத்துல ஒத்தத் தையல் நிக்காது. மூணு போடணும்."

இருபத்தைந்து வருடத்தில் நான் போட்ட மூன்று தையல் எதுவும் பிரிந்து வந்ததில்லை. இதுவும் பிரியவில்லை.

பதினைந்து நாள் கழித்து இரண்டாவது கூட்டம். திட்டத்தை வாசித்தார்கள். ஐந்து இடங்கள் தேறியிருந்தன. மூன்றாவதாக எங்கள் பஸ் நிறுத்தம், பதினொரு ஸ்டிக்கர். "அங்கே தெருவிளக்கு அமைக்க மின்சார அலுவலகத்துக்குப் பரிந்துரை செய்யப்படும்" என்று வாசித்ததுமே என் கை மேலே போய்விட்டது. அதற்கடுத்து இன்னொரு வரி வந்தது. மாலை நேரக் காவல் போடப்படும், காரணமில்லாமல் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர்கள் அகற்றப்படுவார்கள். அதை என் காது கேட்டது. மனசு கேட்கவில்லை. மனசு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வரிக்கும் சேர்த்துத்தான் என் கை தூக்கியபடி இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்குக்கும் சேர்த்தே கை தூக்கியவள்.

விளக்கு அடுத்த அலுவலகத்தின் கையில் இருந்தது. காவல் இவர்கள் கையில் இருந்தது. அதனால் காவல் திங்கட்கிழமையே வந்துவிட்டது.

வந்த போலீஸ்காரர் வேறு நிலையத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு. டைம்கீப்பர் யார், எவர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஒரு பையின் மூலையை மூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் பெஞ்சின் முன்னால் நின்று ஏதோ கேட்பது தெரிந்தது. ஆறு நாற்பது வண்டி இன்னும் வரவில்லை, தம்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் எழுந்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவன் எழவில்லை. அவர் குனிந்து நோட்டைப் பிடித்தார்.

"தொடாதீங்க சார்! நோட்டத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினேன், கழுத்தில் அளவு நாடாவோடு. ரோட்டின் பாதியில் ஆறு நாற்பது வண்டி வந்து எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். வண்டி நகர்ந்தபோது போலீஸ்காரர் தரையில் கிடந்தார். பெஞ்சின் முனை பட்டுத் தோள் எலும்பு முறிந்திருந்தது. தம்பி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கினான். அன்றைக்கு அந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எந்த நோட்டிலும் இல்லை.

கடமையிலிருந்த அதிகாரியைத் தாக்கிக் காயப்படுத்தியதாக வழக்கு. கோர்ட்டில் அரசு வக்கீல் கடகடவென்று வாசித்தார். அதில் ஒரு வரி: "சம்பவம் நடந்த இடம், பதினொரு பொதுமக்கள் அச்சம் தெரிவித்த இடமாகும்." அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி எண்ணைக் கேட்டதும் தலையைத் தூக்கினான். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"பதினொண்ணாக்கா?" என்று சத்தமாகக் கேட்டான்.

பேசக் கூடாது என்றார்கள். ரிமாண்டில் கொண்டுபோனார்கள்.

வாரத்துக்கு இரண்டு முறை பார்க்க விட்டார்கள். நடுவில் கம்பி வலை. முதல் முறை போனபோது சாப்பிட்டாயா என்றேன், அடித்தார்களா என்றேன். அவன் கடிகாரம் இல்லாத மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "ஆறு நாப்பது வருதா?" என்று மட்டும் கேட்டான். அதனால் நான் மாலையில் கடையை விட்டு இறங்கி, அவன் பெஞ்சில் உட்கார்ந்து வண்டிகளைக் குறிக்க ஆரம்பித்தேன். என்னை யாரும் அகற்றவில்லை. தையல்காரி உட்கார்ந்தால் காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

குறித்ததை வலை வழியாக வாசிப்பேன். அவன் கண்ணை மூடிக் கேட்பான். ஒரு செவ்வாய்க்கிழமை வேலை நெருக்கி, உட்கார முடியவில்லை. ஒரு பொய்தானே என்று வாய்க்கு வந்த எண்களைச் சொன்னேன். அவன் கண்ணைத் திறந்தான்.

"முப்பத்தாறாம் நம்பர் செவ்வாக்கிழமை ஓடாது."

"மறந்துட்டேன்டா. தப்பா..."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். பார்வையாளர் நேரம் முடியும்வரை திரும்பவில்லை. அன்றைக்கு வலையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன், இனி இவனிடம் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாகச் சொல்ல மாட்டேன் என்று. என் வாய்தான் எனக்குச் சத்துரு.

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வந்தது. என் தம்பியைப் பார்த்துப் பதினொரு பேர் பயந்தார்களா? யார் அந்தப் பதினொரு பேர்? ஒவ்வொருவர் வீட்டுப் படியாக ஏறி இறங்கிக் கேட்டேன். சண்டைக்குத்தான் போனேன். மருந்துக்கடைக்காரர், "நான் ஒண்ணு ஒட்டினேன். விளக்கு இல்லையேன்னு" என்றார். துணி தேய்க்கிற அம்மாவும் ஒன்று, அதுவும் விளக்குக்காக. வாத்தியார் ஒன்று ஒட்டியிருந்தார், நடைபாதைக் கல் பெயர்ந்து அவர் விழுந்த இடம் அது. பள்ளி வேன் ஓட்டுகிறவர் இரண்டு, திருப்பத்தில் வண்டிகள் வரும் வேகத்துக்காக. இரண்டு ஸ்டிக்கருக்கு ஆள் கிடைக்கவில்லை.

ரொட்டிக்கடை அம்மாவிடம் கேட்டபோது அவள் தட்டைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"நான் டைம்கீப்பருக்காகத்தான் ஒட்டினேன்க்கா. என் மக டியூஷன் முடிஞ்சு வரும்போது, 'பத்து நிமிஷம் லேட்டு'ன்னு கத்தியிருக்கார். பிள்ளை பயந்துபோச்சு. ஒண்ணுதான்க்கா ஒட்டினேன். சத்தியமா ஒண்ணே ஒண்ணு."

அவள் மகளும் அவனுக்கு ஒரு வண்டிதான். வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஒன்று ஒட்டினவள் அழுதுகொண்டு நிற்கும்போது, மூன்று ஒட்டினவள் அவளை என்ன சொல்லித் திட்டுவது?

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் அம்மா தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இத அன்னிக்கே கேட்டிருக்கணும். என் தப்பு," என்றார். பிறகு விரலை என் வரியில் வைத்தார். "இந்த மூணும் உங்களோடதா?"

"ஆமா மேடம். விளக்குக்காக."

அவர் மற்ற வரிகளை விரலால் எண்ணினார். நான்தான் கேட்டேன். "நான் ஒட்டாம இருந்திருந்தா?"

"எட்டு," என்றார். "பத்துக்குக் கீழ இருந்தா அந்த எடம் திட்டத்துக்கே வந்திருக்காதும்மா."

தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்று சொல்வார்கள். எத்தனையோ முறை நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் கையைப் பார்த்தேன். ஊசி குத்தித் தழும்பேறிய விரல்கள். அந்த விரல்கள் அன்றைக்கு எவ்வளவு கவனமாக, கோணாமல், மூன்றையும் ஒட்டின! அழுகை வந்தது, அழுதேன். இன்ஸ்பெக்டர் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து தண்ணீர் கொடுத்தார்.

அவர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்சார அலுவலகத்துக்கு நேரே போய் நின்றார். முப்பத்து மூன்றாம் நாள் தம்பிக்கு ஜாமீன் கிடைத்தது, மருந்துக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். அதே வாரம், மாதக்கணக்கில் எழுதி மட்டும் வைத்திருந்தவர்கள் ஏணியோடு வந்து விளக்கு மாட்டினார்கள்.

ஜெயிலிலிருந்து மாலையில்தான் விட்டார்கள். பஸ்ஸில் வந்தோம். மடியில் போலீஸ் திருப்பிக் கொடுத்த அவன் நோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள், மேலே ஒரு சான்றுப்பொருள் எண் எழுதியிருந்தது. அவன் மெலிந்திருந்தான். சட்டைத் தோள் இரண்டு அங்குலம் கீழே தொங்கியது. நாளைக்கே பிடித்துத் தைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைக்கச் சின்ன வேலையாக ஏதாவது தேவைப்பட்டது.

எங்கள் நிறுத்தத்தில் இறங்கினோம். வெளிச்சம் பெஞ்சு முழுக்க விழுந்திருந்தது. பெயர்ந்த நடைபாதைக் கல்கூடப் பளிச்சென்று தெரிந்தது. அவன் பழக்கதோஷத்தில் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான். உறையைக் கிழித்து நோட்டை எடுத்தான். என் நெஞ்சு குளிர்ந்தது. வந்துவிட்டான், என் தம்பி திரும்பிவிட்டான் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் பக்கங்களைப் புரட்டி அந்தத் திங்கட்கிழமைக்கு வந்தான். பாதியில் நின்ற பக்கம்.

"அக்கா. பதினொண்ணுன்னு கோர்ட்ல சொன்னாங்களே."

"ஆமாடா."

"அதுல நீ எத்தன?"

ஜெயிலில் கிடந்த முப்பத்து மூன்று நாளும் அவன் இதைத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். பூஜ்யம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிய அந்த முகம் என் கண்முன் வந்தது.

"மூணு," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் பதறிப்போய்ச் சொன்னேன். விளக்குக்காகத்தான்டா. நீ இருட்டுல ரோட்டோரம் போறியேன்னுதான். உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துதான்டா ஒட்டினேன். உன்னப் பார்த்துப் பயந்து இல்ல. மேல பாரு, விளக்கு வந்திருக்கு பாரு. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். தலையைத் தூக்கி விளக்கையும் பார்த்தான்.

பிறகு குனிந்து, அந்தத் திங்கட்கிழமைப் பக்கத்தின் கடைசி வரியில், எப்போதும் என் நேரம் எழுதுகிற இடத்தில் எழுதினான். அந்த வெளிச்சத்தில் எழுத்து தெளிவாகத் தெரிந்தது.

அக்கா 3.

அவ்வளவுதான். வேறு எதற்கும் அந்த நோட்டில் கட்டம் கிடையாது. அது எனக்குத் தெரியாதா?

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தான். எனக்காக நிற்காமல் வீட்டைப் பார்த்து நடந்தான். கூப்பிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. தோள் தொங்கும் அந்தச் சட்டை தெரு முனை திரும்பும்வரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. விளக்கு அவ்வளவு நன்றாக எரிந்தது.